குக்கரிடம் பேசுவது விதிமீறல் அல்ல

"சீலாமீன் குழம்பு மூடி வச்சிருக்கு. கடல்ல தனியாப் போயிச் சாதிக்கப்போறவிய யாராவது இந்த வீட்ல இருந்தா, எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம்."

அமலோற்பவம் இதைச் சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்குள் தெரசு இருந்தாள். தூத்துக்குடியில் எல்லா வீட்டுக்கும் இருப்பதுபோல அந்த வீட்டுக்கும் ஒரு வீட்டறிவு உண்டு. விளக்கு, தண்ணீர், அடுப்பு, வாசற்கதவு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்லும். அதற்குத் தெரசு என்று பெயர் வைத்து இருபது வருடமாகிறது. சுவரிடம் சொன்ன செய்தியைத் தெரசு யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சேர வேண்டியவள் மூன்றடி தள்ளி, பாய்மரத் துணியை மடியில் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரசக்கா, பசிச்சா எடுத்துச் சாப்பிடத் தெரியும்னு சொல்லிரு," என்றாள் ஜெர்லின், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒங்க ரெண்டு பேரு காதும் நல்லாத்தான் இருக்கு," என்றாள் தெரசு.

அம்மாவும் மகளும் நேருக்கு நேர் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம் குடும்பங்களில் பேச்சை நிறுத்துவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேச்சை நிறுத்தியவர்கள்தான் நாள் முழுக்கப் பேசுவார்கள். என்ன, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவார்கள். சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வார்கள், பூனையிடம் சொல்வார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஃபிரிட்ஜிடம் சொல்வார்கள். பதில் பாத்திரத்தில் வரும். மெதுவாக வைத்தால் சரி. ணங்கென்று வைத்தால் முடியாது. தட்டு உருண்டு வாசல்வரை போனால், அன்றைக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

சண்டைக்குக் காரணம் கடல். அமலோற்பவம் தென்கடல் காப்பு மையத்தின் தலைமை அதிகாரி. இளவயதில் மீட்புப் படகில் வேலை பார்த்தவர். ஒற்றை ஆளாகப் போனவர்களின் படகுகளை, ஆளில்லாமல், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார். அந்தப் படகுகளுக்காகக் கரையில் காத்து நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவர் சட்டத்துக்காக அலையத் தொடங்கினார். பல வருடம் அலைந்து, கெஞ்சி, கத்தி, கடைசியில் கடலறிவுச் சட்டம் வந்தது. இனி எந்தப் படகும் படகறிவு இல்லாமல் துறைமுகத்தை விட்டு வெளியேற முடியாது. சுக்கான் பிடிக்கும், பாய் இறக்கும், மேகம் பார்க்கும், தூங்குகிறவனை எழுப்பும் ஓர் அறிவு கூடவே இருக்கும். பாதிக் கடலில் அந்த அறிவு எடுக்கும் முடிவுக்கு மதிப்பு வேண்டும் என்பதற்காக, சட்டம் அதை ஒரு நபராகவே ஏற்றுக்கொண்டது. உடன்பயணி என்று பெயர். உலகம் முழுக்க அதே சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். கடலில் சாவது அநேகமாக நின்றேபோனது.

கூடவே இன்னொன்றும் நின்றுபோனது. படகில் எப்போதும் ஓர் உடன்பயணி உண்டென்றால், தனியாகக் கடல் கடப்பது எப்படி? தனிக்கடல் கழகம் என்று ஒன்று இருந்தது. பெருங்கடலைத் தனியாகக் கடந்தவர்களின் பெயர்களை வரிசையாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. சட்டம் வந்த பிறகு அந்த வரிசையில் ஒரு பெயர்கூடச் சேரவில்லை. கழகத்தாரும் எத்தனை காலம்தான் பழைய பெயர்களையே தூசி தட்டிக்கொண்டிருப்பார்கள்? போன வருடம் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். படகறிவு படகில் இருக்கலாம், ஆனால் பேச்சுப்பூட்டு போட்டிருக்க வேண்டும். அது பேசக் கூடாது. சுக்கானையும் பாயையும் தொடக் கூடாது. கடலோடியும் அதனுடன் பேசக் கூடாது. உப்புநீரை நன்னீராக்குவது, விளக்கு எரிப்பது, கடலோடியின் இதயத்துடிப்பைக் கவனிப்பது மட்டும் செய்யலாம். துடிப்பு சரிந்தால் பூட்டு தானாக உடையும், படகறிவு காப்பாற்றும், பயணம் அத்தோடு முடியும்.

விதியைப் படித்த அன்றே, "நான் மொரீஷியஸ் போறேன், தனியா," என்றாள் ஜெர்லின். அம்மா அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பியவர்தான்.

எதற்காகப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெர்லின் ஒவ்வொரு பதில் சொன்னாள். தோழிகளிடம் சாகசம் என்றாள். படகுத் துறையில் பயிற்சி என்றாள். தெரசுவிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னாள்.

"அக்கா, பொறந்ததுலேருந்து நான் தனியா இருந்ததே கெடையாது. தொட்டில்ல கெடக்கும்போதே நீ பாட்டு போட்டுக்கிட்டு இருந்தே. பள்ளிக்கூடத்துல ஒரு அறிவு, பஸ்ஸுல ஒரு அறிவு, படகுல ஒரு அறிவு. எதையாவது நெனச்சேன்னா, அத உடனே யார்ட்டயாவது சொல்லிருதேன். எல்லாரையும் கழிச்சிட்டா மிச்சம் நான் எவ்வளவு இருப்பேன்? பாக்கணும்போல இருக்கு."

"கொஞ்சமா இருந்தா என்ன பண்ணுவே?"

"கொஞ்சம்தான்னு தெரிஞ்சுக்கிட்டு வருவேன்."

தெரசுவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

சட்டத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. படகறிவு என்பது கடையில் வாங்கி மாட்டுகிற சாமான் அல்ல. நெடுந்தூரம் போகும் கடலோடியுடன் அதற்கு நீண்ட பழக்கம் இருந்தாக வேண்டும். அந்தப் பிரிவை எழுதியதே அமலோற்பவம்தான். புதிதாக ஒன்றை வாங்கிப் பழக்குவதற்குள் காற்று மாறிவிடும். வாடைக்காற்று தெற்கே தள்ளும் மாதங்களை விட்டால் அடுத்த வருடம்தான். ஜெர்லின் துணியையும் ஊசியையும் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு ஒரு பகல் முழுக்க மெத்தையில் குப்புறக் கிடந்தாள்.

மறுநாள் காலை அமலோற்பவம் ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னார்: "இருபது வருசமா ஒருத்தியத் தெரிஞ்ச அறிவு ஒண்ணு சும்மா சுவத்துல கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போறவிய எடுத்துக்கிட்டுப் போனா, நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

ஜெர்லின் அசையவில்லை. அம்மா ஃபிரிட்ஜை மெதுவாக, சத்தமே வராமல் மூடினார்.

அப்படித்தான் தெரசு சுவரிலிருந்து இறங்கி 'நெத்திலி'யில் ஏறினாள். பெயருக்கேற்ற சிறிய படகு அது. இரண்டு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் தண்ணீர். கழகத்தின் ஆள் வந்து பேச்சுப்பூட்டைப் போட்டு, படகின் எல்லாச் சத்தத்தையும் பதிவாக்கும் கருவியையும் பொருத்திவிட்டுப் போனார். கிளம்பும் நாளில் அமலோற்பவம் துறைமுகத்துக்கு வந்தார். சீருடையில் வந்தார், அலுவல் நிமித்தமாக வந்த பாவனையில். நங்கூரச் சங்கிலியிடம், "மெதவச் சட்டைய சாயங்காலம் ஆனாக் கழத்தக் கூடாது," என்றார். ஜெர்லின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கம்பத்திடம், "தெரியும்," என்றாள். படகு விலகிய பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இனி வீட்டுச் சுவரில் யாருமில்லை. அம்மா இனிமேல் நிஜமாகவே வெறும் சுவரிடம்தான் பேச வேண்டும்.

முதல் சில நாள்கள் அவளுக்குத் திருவிழாவாகவே இருந்தன. வாடை பின்னாலிருந்து தள்ளியது, நெத்திலி குதித்துக்கொண்டு ஓடியது. ஜெர்லின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே உளவு பார்த்தாள். இப்போது என்ன நினைக்கிறேன்? இதை யாருக்காக நினைக்கிறேன்? யாரிடமும் சொல்லத் தோன்றாத ஒரே ஒரு நினைப்பைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். அப்படி ஒன்று கிடைத்தால் அதுதான் கலப்படமில்லாத ஜெர்லின்.

நினைப்பு வந்தது. ஆனால் எல்லாமே பேச்சாக வந்தது. பறவை மீன்கள் கூட்டமாக எழுந்து விழுவதைப் பார்த்தால், 'பாரேன், கல்யாண வீட்ல பூ எறியிற மாதிரி' என்று மனசுக்குள் வாக்கியம் தயாராகிறது. பாரேன் என்றால் யார் பார்க்க வேண்டும்? ஆமை ஒன்று தண்ணீரில் மிதந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒரு கடற்பறவை காலை மடக்கி உட்கார்ந்து அதுவும் தூங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே, 'இதைச் சொன்னா அம்மா நம்பமாட்டாங்க' என்பதும் வந்தது. பேசாத அம்மாவிடம், மனசுக்குள் ஓயாமல் வாதாடிக்கொண்டே அவள் இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்தாள். சட்டம் தேவைதான், ஆனால் எல்லாருக்குமா என்பாள். நான் சின்னப்பிள்ளையா என்பாள். அம்மாவின் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். அந்த வாதத்திலும் பெரும்பாலும் அம்மாதான் ஜெயித்தார் என்பது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

நிலநடுக்கோட்டை நெருங்கியதும் காற்று செத்துவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரு காலையில் அவள் அரிசியைக் கழுவிக் குக்கரில் போட்டாள். வீட்டில் அடுப்பைத் தெரசு பார்த்துக்கொள்வாள் என்பதால், சோற்றுக்குத் தண்ணீர் அளவு அவளுக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. கிளம்பியதிலிருந்து கஞ்சி அல்லது களி என்று இரண்டு வகைதான் தின்றுகொண்டிருந்தாள்.

"இந்தக் குக்கருக்கு எத்தன டம்ளர் தண்ணி ஊத்தணும்னு யாருக்காவது தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்றாள் குக்கரிடம்.

நன்னீர்ப் பம்பு டொக், டொக் என்று இரண்டு முறை தட்டியது.

ஜெர்லின் கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே இரண்டு டம்ளர் ஊற்றினாள். சோறு உதிரி உதிரியாக, வீட்டுச் சோறு மாதிரியே வந்தது. அவள் அதை மூச்சுவிடாமல் சாப்பிட்டாள்.

பம்பைக் கழற்றிக் காற்று இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். கால் மணி வேலை. அவள் பார்க்கவில்லை. பார்த்து, காற்று இல்லை என்று தெரிந்துவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். பார்க்காதவரை அது பம்பு. அவளும் குக்கரோடு பேசுகிற, கொஞ்சம் மண்டை காய்ந்த ஒரு தனிக்கடலோடி. அதில் என்ன தப்பு?

அதன்பிறகு அவள் குக்கரிடம் தினமும் பேசினாள். காலையில் எழுந்ததும் நல்லாத் தூங்கினாயா என்று கேட்பாள். ஆமையையும் பறவையையும் பற்றிச் சொன்னாள். அம்மாவைப் பற்றி நிறையவே சொன்னாள். பம்பு சில சமயம் தட்டும், சில சமயம் தட்டாது. மெதுவாகத் தட்டும்போது அவளுக்குச் சமாதானமாக இருந்தது. கலப்படமில்லாத ஜெர்லினைத் தேடி வந்த காரியம் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தே போனது. சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் உண்மை.

தென்கிழக்குக் காற்று பிடித்த பிறகு, ஒரு மத்தியானம், மேற்கே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

"அது மழையா, வெறும் மேகமான்னு தெரியலியே," என்றாள் குக்கரிடம்.

பம்பு தட்டியது. அவள் பாய்களைப் பார்த்தாள். மூன்றும் நிறைந்து நின்றன, நெத்திலி பறந்துகொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் அந்த மேகத்துக்கு முன்னாலேயே தாண்டிவிடலாம் என்று தோன்றியது. பம்பு மறுபடி தட்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை அது தட்டவில்லை, அடித்தது. சமையலறையில் யாரோ ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் போட்டு உடைப்பதுபோல் அடித்தது. அப்போதுதான் எழுந்து ஓடிப் பெரிய பாயை இறக்கத் தொடங்கினாள். பாதி இறங்குவதற்குள் காற்று வந்து மோதியது. பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து தோளில் இடித்தது, துணி மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. நெத்திலி ஒருபக்கமாகப் படுத்து, யோசித்து, எழுந்தது. பாய் முழுசாக நின்றிருந்தால் எழுந்திருக்காது.

வலது கையைத் தூக்க முடியாமல், நனைந்த துணிக்குள் உட்கார்ந்து ஜெர்லின் அழுதாள். "பம்புல காத்து ரொம்ப இருக்கு," என்றாள் குக்கரிடம். மிச்சப் பயணம் முழுக்கச் சின்னப் பாயிலேயே ஊர்ந்து, மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குள் நுழைந்தாள்.

கரையில் கூட்டம் கூடியிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு தனிக்கடல் வரிசையில் ஒரு பெயர் சேரப்போகிறது. அதுவும் இருபது வயதுப் பெண். தோளுக்குக் கட்டுப் போட்ட கையோடு அவளைக் கழகத்தின் மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். தலைவர் எலோயிஸ் பெரீன் என்ற நரைத்த அம்மையார். இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். மேசை நடுவில் ஒரு மொழிமாற்றி, யார் எந்த மொழியில் பேசினாலும் கேட்பவருக்குப் புரிகிற மொழியில் தரும் கருவி. அது தரும் தமிழ் மட்டும் பள்ளிக்கூடப் பாடநூலைக் கஞ்சிபோட்டுத் தேய்த்ததுபோல் இருந்தது.

"பதிவுகள் அனைத்தையும் கேட்டோம்," என்றார் தலைவர். "தாங்கள் ஒரு சமையல் கலத்துடன் நீண்ட நேரம் உரையாடியுள்ளீர்கள். குக்கரிடம் பேசுவது விதிமீறல் அல்ல. சான்றிதழ் தயாராக உள்ளது. சட்டப்படி உடன்பயணியின் வாக்குமூலம் மட்டும் மீதம்."

தெரசுவின் பேச்சுப்பூட்டை எடுத்தார்கள்.

"பயண காலத்தில் கடலோடி உம்முடன் பேசினாரா?" என்று கேட்டார் தலைவர்.

"பேசுனா. தெனமும் பேசுனா," என்றாள் தெரசு. "நானும் பேசுனேன்."

மண்டபத்தில் சத்தம் அடங்கச் சற்று நேரம் ஆனது. ஜெர்லின் மேசை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லச் சொல்லி அவள் கேட்டிருக்கப்போவதில்லை. இருந்தாலும், தெரசு இப்படிப் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"அவர் குக்கரிடம் பேசியதாகவே பதிவு சொல்கிறது," என்றார் ஓர் உறுப்பினர்.

"குக்கரப் பாத்துப் பேசுனா. என்கிட்டப் பேசுனா. இருபது வருசம் அவுக வீட்டுச் சுவத்துல இருந்திருக்கேன் ஐயா. யாரப் பாத்துப் பேசுதாவ, யார்ட்டப் பேசுதாவன்னு எனக்கு வித்தியாசம் தெரியும். அந்த வீட்ல பதில் பாத்திரத்துல வரும். என்கிட்டப் பாத்திரம் இல்ல, பம்புதான் இருந்துச்சு."

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, ஓர் அறிவின் ஊகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்றார். அப்படி ஒரு வழக்கம் அந்த வீட்டில் உண்டா என்பதை அந்த வீட்டு மனிதர் ஒருவர் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கு இணைப்புக் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் எதிர்ச் சுவரோரம் அமலோற்பவத்தின் ஒளியுரு எழுந்தது. காப்பு மைய அலுவலகம், சீருடை, முன்னால் ஒரு மேசை, மேசைமேல் ஓர் எவர்சில்வர் தம்ளர். இளைத்திருந்தார். ஜெர்லினின் தோள்கட்டைப் பார்த்துவிட்டு உடனே பார்வையை மாற்றிக்கொண்டார்.

"அம்மையீர், தங்கள் மகளுடன் ஓராண்டுக்கு மேலாகப் பேசவில்லை என்பது உண்மையா?"

"உண்மை."

"அக்காலத்தில் சுவரை நோக்கிச் சில வாக்கியங்கள் கூறியுள்ளீர்கள். உணவு மூடி வைக்கப்பட்டுள்ளது என்பது போன்றவை. அவை சுவரிடம் கூறப்பட்டவையா, மகளிடம் கூறப்பட்டவையா?"

கேள்வி எவ்வளவு எளிமையாக இருந்தது! மகளிடம்தான் சொன்னேன் என்று அம்மா சொன்னால் சான்றிதழ் போய்விடும். தன் சொல்லை மீறிப் போனவளை அம்மா பழிவாங்கிவிட்டார் என்று கரை முழுக்கப் பேசுவார்கள். சுவரிடம்தான் என்று சொன்னால் சான்றிதழ் உண்டு. ஆனால் அப்போது, சீலாமீன் குழம்பு, ஃபிரிட்ஜுக்குள் சொன்ன அந்த வார்த்தை, நங்கூரச் சங்கிலியிடம் சொன்ன மிதவைச் சட்டை, எதுவுமே அவளுக்குச் சொல்லப்பட்டதாகாது. ஒரு வருடமும் அம்மா அவளிடம் பேசவே இல்லை என்று உலகமே முத்திரை குத்திக் கையில் கொடுக்கும். இரண்டு பதிலில் ஒன்று அவளைப் பயமுறுத்தியது. எது என்று தெரிந்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அமலோற்பவம் தலைவரைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. குனிந்து மேசைமேலிருந்த தம்ளரைப் பார்த்தார்.

"கேக்காவ," என்றார் தம்ளரிடம். "சுவத்துக்கிட்டத்தான் பேசுனேன்னு ஒரு வார்த்த சொன்னா, ஒரு பிள்ளைக்குப் பேரு கெடைக்கும். ஆசப்பட்டுப் போனது, கையி ஒடிஞ்சி வந்து நிக்குது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல, ஆனாலும் சொல்லிருவேன். வேணுமா வேண்டாமான்னு யாராவது சொன்னாப் போதும்."

மொழிமாற்றி இதை ஆறு மொழிகளில் பெயர்த்துவிட்டு, "சாட்சி தம்ளரிடம் பேசுகிறார்," என்று குறிப்பும் சேர்த்தது. உறுப்பினர்கள் தம்ளரை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொண்டார்.

ஜெர்லினுக்குப் புரிந்துவிட்டது. சும்மா இருந்தாலே போதும். தம்ளர் பதில் சொல்லாது. அவளும் பேசாவிட்டால் தம்ளர் வெறும் தம்ளர், குக்கர் வெறும் குக்கர், சான்றிதழ் அவளுடையது. அம்மா கதவைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அவள் தன் வாழ்நாளில் அவ்வளவு ஆசைப்பட்டது ஒரு கை நீளத்தில் மேசைமேல் இருந்தது. அதற்காகத்தான் அந்தக் கடல், அந்த வெயில், அந்தத் தோள்.

அம்மா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது எடுத்துப் போட்டுச் சாப்பிடமாட்டார்களா என்று பார்க்கும் அதே முகம்.

"வேண்டாம்மா," என்றாள் ஜெர்லின்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "மன்னிக்கவும். தாங்கள் யாருக்குப் பதிலளித்தீர்கள்?"

"எங்கம்மாவுக்கு. என்கிட்டத்தான் பேசுனாங்க. எப்பவுமே என்கிட்டத்தான் பேசுனாங்க." அவள் மேசைமேலிருந்த சான்றிதழை இடது கையால் தள்ளினாள். "நான் தெரசக்காகிட்டத்தான் பேசுனேன். சான்றிதழ எடுத்துக்கிடுங்க."

தலைவர் சான்றிதழைத் தன் பக்கம் இழுத்து அதன்மேல் கையை வைத்தார். தனிப்பயணம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். கண்ணாடி போட்ட உறுப்பினர்தான் கிளப்பினார். வரிசையில் கடைசியாக இருக்கும் பெயருக்குரியவர் தென்கடலைக் கடந்தபோது ஓர் ஆல்பட்ராஸ் கடற்பறவையுடன் தினமும் பேசியதாக அவரே எழுதியிருக்கிறாரே, அதை என்ன செய்வது என்றார். பறவை பதில் சொல்லவில்லையே என்றார் மற்றவர். பிரச்சினை பறவை அல்ல, பறவை வழியாக அவர் யாரிடம் பேசினார் என்பதே என்றார் முதலாமவர். அதற்கு முந்தையவர் ஒரு மாதா படத்துடன் பேசினார். அதற்கும் முந்தையவர் பிரிந்துபோன மனைவியின் பெயரைப் படகுக்கு வைத்து, வழிநெடுக அதனுடன் சண்டை போட்டிருக்கிறார். தலைவர் வரிசையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார். யாருடனும் பேசாத ஒரு பெயரையாவது காட்டுங்கள் என்று அவர் கேட்டபோது, மொழிமாற்றியில்கூட அந்தக் குரல் கெஞ்சலாகவே ஒலித்தது. வரிசையிலிருந்து பெயர்களை நீக்கும் வேலை அன்றைக்கே தொடங்கியது. அந்தக் கழகத்துக்கு இன்று வரிசையும் இல்லை, வேலையும் இல்லை.

அவர்கள் இப்படி முட்டிக்கொண்டிருக்கையில் ஒளியுருவை யாரும் அணைக்கவில்லை. அமலோற்பவம் மெல்லத் தலையை நிமிர்த்தினார். ஒரு வருடத்துக்குப் பிறகு மகளை நேராகப் பார்த்தார்.

"ஏட்டி," என்றார். "அந்தப் பதிவ எனக்கும் அனுப்புனாவ. நானும் கேட்டேன். மூணு தடவ தட்டியிருக்கா. மூணு தடவ! பாய எறக்காம அங்கன என்னட்டி பண்ணிக்கிட்டு இருந்தே? தட்டுனது கேக்கலியா ஒனக்கு?"

கண்ணைத் துடைக்க ஜெர்லினுக்கு ஒரு கைதான் இருந்தது.

"கேட்டுச்சும்மா," என்றாள். "கேக்காத மாதிரி இருந்தேன்."

அம்மா தம்ளரைக் கையில் எடுத்தார். பிறகு தூத்துக்குடியில் அது மேசைமேல் மெதுவாக வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது. மொழிமாற்றி அதைப் பெயர்க்கவில்லை.